விசிறியில்லாத கிராஃபிக்ஸ் கார்டு: இரண்டு பழைய மானிட்டர்களுக்காக

மானிட்டர் பழையது என்றால், கிராஃபிக்ஸ் கார்டு தேடுவதற்கு முன் அதைத் திருப்பி வைத்து முதுகைப் பாருங்கள். எந்தெந்த சாக்கெட் இருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அப்புறம் கடைக்குப் போனால் போதும். எங்கள் வீட்டுக் கணினியில் ஃபேன் இல்லாத கார்டு ஒன்றைப் பொருத்தி முடித்த கையோடு இதை எழுதுகிறேன். தேடிய காலத்தில் துண்டு துண்டாகக் கிடைத்த விஷயங்கள் ஒரே இடத்தில் இருந்தால் அடுத்தவருக்கு உதவும்.

கணினி ரைசன் 5 3600, பி450 மதர்போர்டு, லினக்ஸ் மின்ட். மானிட்டர் இரண்டு. ஒன்று டெல் 2007எஃப்பி, 20.1 அங்குலம், 1600×1200, சாக்கெட்டில் டிவிஐயும் பழைய அனலாக் வகையான விஜிஏவும் உண்டு. இன்னொன்று 19 அங்குலம், 1280×1024, அதில் விஜிஏ மட்டும்தான். இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கச் சொல்லாதவர்கள் இல்லை. நான் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவன். ஒரு திரையில் கையெழுத்துப் பிரதியின் ஸ்கேன், மறு திரையில் பக்க அமைப்பு. ஃபுல் எச்டி திரைக்கு உயரம் 1080 கோடுகள்தான். 2007எஃப்பிக்கு 1200. புத்தகப் பக்கம் ஒன்று முழுதாக, எழுத்தின் சுழியும் புள்ளியும் தெரியும் அளவில், அதில் உட்காருகிறது. அந்தத் திரை நன்றாக எரிகிறவரை அதை விடுவதாக இல்லை.

சத்தம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், அதே அறையில் அதே கணினியில்தான் மனைவி ஆன்லைனில் வாய்ப்பாட்டு வகுப்பு எடுக்கிறார். ஜூம் போன்ற செயலிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. மாறாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும் எதையும் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு வடிகட்டிவிடும். தம்புராவும் அதற்கு இரைச்சல்தான், நீட்டிப் பிடித்த ஸட்ஜமும் இரைச்சல்தான். அதனால் பாட்டு வகுப்பு எடுப்பவர்கள் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற வசதியைப் போட்டு, வடிகட்டலை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் அறையில் உள்ள ஃபேன் சத்தமும் அப்படியே மாணவியின் ஹெட்போனுக்குப் போகும்.

பழைய கார்டில் இருந்தது சின்ன ஃபேன், ஒன்பது இதழ். நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு 50 சுற்று. ஒன்பது இதழுக்கு 450 ஹெர்ட்ஸில் ஒரு ஒலி வரும். மனைவியின் சுருதி ஐந்தரைக் கட்டை. அவருடைய மேல் ஸட்ஜம் சுமார் 415 ஹெர்ட்ஸ். சுத்த ரிஷபம் 443, சதுஸ்ருதி ரிஷபம் 467. இந்த இரண்டு ரிஷபங்களுக்கும் நடுவே, எதிலும் சேராத ஓர் ஒலி வகுப்பு முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது. கேபினெட்டை மேஜைக்கு அடியில் தள்ளினாலும், துணி போட்டாலும் அது போகவில்லை.

முதலில் ஃபேனுக்கு எண்ணெய் விட்டுப் பார்த்தேன். செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: ஃபேனின் நடுவில் உள்ள ஸ்டிக்கரைப் பாதி உரித்தால் உள்ளே அச்சு தெரியும். சில ஃபேன்களில் ஸ்டிக்கருக்குக் கீழே ரப்பர் மூடி இருக்கும், ஊசி முனையால் எடுக்கலாம். தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசின் மாதிரி இறுகிவிடும். எண்ணெய் விட்டதும் கரகரப்பு நின்றது. ஆனால் இதழ் காற்றை வெட்டும் ஒலி எண்ணெயால் போகிற ஒன்று இல்லை. தேய்ந்த பேரிங் சில வாரங்களில் திரும்பக் கரகரக்கத் தொடங்கியது. சரி, ஃபேனே இல்லாத கார்டுதான் என்று முடிவு செய்தேன்.

கார்டே தேவையா என்பதையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். ரைசன் 5 3600க்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாமல் திரையே வராது. உங்களுடையது இன்டெல் ப்ராசஸர், பெயரில் ‘எஃப்’ என்ற எழுத்து இல்லை என்றால் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கும். மதர்போர்டின் பின்னால் விஜிஏவும் டிவிஐயும் இருந்தால் இரண்டு பழைய மானிட்டரையும் அதிலேயே மாட்டலாம். அதைவிட அமைதியான கார்டு உலகத்தில் இல்லை. அப்படிப்பட்டவர்கள் காசைச் செலவழிக்கும் முன் இரண்டு கேபிளை மாட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

இனி சாக்கெட். கடைத்தெருவில் டிவிஐயை ‘24+1’, ‘24+5’ என்றுதான் சொல்வார்கள். 24 என்பது மூன்று வரிசையாக இருக்கும் சதுரத் துளைகள். கூட்டல் குறிக்குப் பின்னால் வருவது பக்கத்தில் உள்ள தட்டையான நீளத் துளையும் அதைச் சுற்றியுள்ளவையும். நீளத் துளை மட்டும் இருந்தால் 24+1, டிஜிட்டல் மட்டும் தரும் டிவிஐ-டி. அதைச் சுற்றி நான்கு சின்னத் துளைகளும் இருந்தால் 24+5, அனலாக்கும் சேர்ந்து வரும் டிவிஐ-ஐ. அந்த நான்கு துளைகள் வழியாகத்தான் விஜிஏவுக்கு வேண்டிய சிக்னல் போகிறது. முன்பெல்லாம் கார்டோடு ஒரு சின்ன வெள்ளை அடாப்டர் இலவசமாக வரும், டிவிஐயை விஜிஏவாக மாற்றுவதற்கு. அது 24+5 சாக்கெட்டுக்கு மட்டும்தான். அதை 24+1இல் செருகப் பார்த்தால் நுழையவே நுழையாது. நான்கு பின்னையும் கட்டிங் பிளேயரால் ஒடித்துவிட்டுச் செருகப் பார்த்தாலும் படம் வராது. சிக்னலே அந்தப் பின்களில்தான்.

இந்த இடத்தில்தான் புதிய கார்டுகள் பழைய மானிட்டர்களைக் கைவிட்டன. கார்டுகளுக்குச் சிப் செய்யும் என்விடியா 2016இல் பாஸ்கல் என்ற சிப் வரிசையைக் கொண்டுவந்தபோது அனலாக் வெளியீட்டை எடுத்துவிட்டது. ஏஎம்டி அதற்கும் முன்பே எடுக்கத் தொடங்கிவிட்டது. ஆகவே 2016க்குப் பின் வந்த கார்டுகளில் டிவிஐ இருந்தால் அது 24+1தான். விஜிஏ மானிட்டர் வேண்டுமானால் நடுவில் சிப் உள்ள கன்வெர்ட்டர் வேண்டும்.

டிவிஐ மானிட்டருக்கு இந்தத் தொல்லை இல்லை. எச்டிஎம்ஐயும் டிவிஐயும் உள்ளே ஒரே வகைச் சிக்னல். சாதாரண எச்டிஎம்ஐ-டிவிஐ கேபிளே போதும். ஒற்றை இணைப்பு டிவிஐயின் சிக்னல் வேகத்துக்கு உச்சம் 165 மெகாஹெர்ட்ஸ். 1600×1200க்கு 60 ஹெர்ட்ஸில் 162 வேண்டும், மயிரிழையில் உள்ளே வந்துவிடுகிறது. 1920×1200க்குத் திரையின் ஓய்வு நேரத்தைக் குறைத்து 154இல் முடித்துவிடுகிறார்கள். ஆனால் 2560×1600 காட்டும் பழைய 30 அங்குல மானிட்டர் வைத்திருப்பவர்கள் கவனம்: அதற்கு இரட்டை இணைப்பு டிவிஐ வேண்டும், எச்டிஎம்ஐயிலிருந்து வரும் மலிவான கேபிள் அதை ஓட்டாது. கார்டிலேயே இரட்டை இணைப்பு டிவிஐ இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

கன்வெர்ட்டர் கெட்டது என்று சொல்ல மாட்டேன். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து விஜிஏவுக்கு மாற்றுவது பொதுவாக ஒழுங்காக வேலை செய்கிறது, ஏனென்றால் அந்த சாக்கெட்டே 3.3 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர் வரை தரும். எச்டிஎம்ஐ சாக்கெட் தர வேண்டிய குறைந்தபட்சம் 55 மில்லிஆம்பியர்தான். மலிவான எச்டிஎம்ஐ-விஜிஏ கன்வெர்ட்டர் அதற்கு மேல் இழுத்தால் திரை அவ்வப்போது கறுத்துத் திரும்ப வரும். பக்கத்தில் யுஎஸ்பி மின்சாரத்துக்கு ஒரு துளை உள்ளதாகப் பார்த்து வாங்கினால் அந்தப் பிரச்சினை குறையும். எனக்கு நடுவில் இன்னொரு பெட்டி தொங்குவதில் விருப்பமில்லை. விஜிஏவைக் கார்டே தர வேண்டும், ஃபேன் கூடாது, மின்சாரம் 20 வாட்டுக்குள் இருக்க வேண்டும் என்று மூன்று நிபந்தனை வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது நிபந்தனை நம் ஊர் வெயிலுக்காக. வெளிநாட்டு விமர்சனங்களில் ஃபேன் இல்லாத கார்டைச் சோதிப்பது 22, 23 டிகிரி அறையில். எங்கள் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே. மே மாதப் பிற்பகலில் ஏசி போடாவிட்டால் 36 டிகிரிக்கு வந்துவிடும். கார்டின் சூட்டை வாங்கி வெளியே விடும் உலோகத் துண்டான ஹீட்சிங்க் தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிட இத்தனை டிகிரி மேலே நிற்கும் என்பதுதான் கணக்கு. சுற்றுக் காற்று 13 டிகிரி ஏறினால் கார்டும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும். அங்கே நிம்மதியாக ஓடும் 50 வாட் கார்டு இங்கே சித்திரை மாதத்தில் திணறும். ஃபேன் இல்லாத கார்டில் வாட் குறையக் குறைய நல்லது.

அப்படித் தேடியதில் நான்கு பெயர் கண்ணில் பட்டது. ஏஎம்டியின் ரேடியான் எச்டி 5450, 2010இல் வந்தது, 19 வாட். விஜிஏ உண்டு, லினக்ஸில் திறந்த மூல டிரைவரும் நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் காலக் கார்டுகள் பலவற்றில் யூஇஎஃப்ஐ என்ற புதிய வகை பயாஸுக்கான பகுதி கிடையாது. பயாஸில் சிஎஸ்எம் என்ற பழைய முறைக்கான வசதியை இயக்கினால்தான் கணினி தொடங்கும்போது திரை வரும். விண்டோஸ் 11க்காக செக்யூர் பூட் போட்டிருப்பவர்களுக்கு இது ஒத்துவராது.

மற்ற மூன்றும் என்விடியா. ஜிடி 730 என்ற பெயரில் வெவ்வேறு கார்டுகள் உண்டு. ஒன்று பழைய தலைமுறையான ஃபெர்மி சிப், 96 கோர், 49 வாட். மற்றவை அதற்கு அடுத்த தலைமுறையான கெப்ளர் சிப், 384 கோர், கிட்டத்தட்ட அதில் பாதி மின்சாரம். அட்டையில் எல்லாமே ஜிடி 730தான். 128 பிட் என்று போட்டிருந்தால் ஃபெர்மி. எண் பெரிதாக இருக்கிறதே என்று அதை எடுத்துவிடாதீர்கள்.

ஜிடி 1030, 2017இல் வந்தது, 30 வாட். நான்கில் இதுதான் வலுவானது, எச்.265, விபி9 என்ற முறைகளில் சுருக்கிய வீடியோவையெல்லாம் கார்டே பிரித்துத் தரும். அதிலும் 2018இல் டிடிஆர்4 மெமரி போட்ட ஒரு வடிவம் வந்தது, அது வெகு மந்தம். ஜிடிடிஆர்5 என்று அட்டையில் பார்த்து வாங்க வேண்டும். இரண்டு மானிட்டரிலும் டிவிஐ உள்ளவர்கள் இதை எடுங்கள்: ஒன்றுக்கு டிவிஐ, மற்றதற்கு எச்டிஎம்ஐ-டிவிஐ கேபிள். எனக்கு விஜிஏ இல்லாததால் கழிந்தது.

கடைசியாக ஜிடி 710. 192 கோர், 19 வாட். பெரும்பாலான மாதிரிகளில் விஜிஏ, டிவிஐ-டி, எச்டிஎம்ஐ மூன்றும் உண்டு. விளையாட்டுக்கு உதவாது. யூடியூபின் விபி9 வீடியோவை இதால் பிரிக்க முடியாது, ப்ராசஸர்தான் பிரிக்க வேண்டும்; ஆறு கோர் ரைசனுக்கு அது பெரிய பாரமில்லை. எழுத்தும் பக்கமும் காட்ட எனக்கு வேண்டியது எல்லாம் இதில் இருந்தது. ஆசுஸ், கிகாபைட் இரண்டிலும் மாதிரி எண்ணில் ‘எஸ்எல்’ என்று வந்தால் ஃபேன் இல்லாதது.

வாங்கப் போனது சென்னை ரிச்சி தெரு. “710 எல்லாம் இப்ப யார் சார் கேக்கறாங்க, 1030 எடுத்துக்குங்க” என்றார் முதல் கடைக்காரர். விஜிஏ வேண்டும் என்றதும் ஒரு கன்வெர்ட்டரை எடுத்து மேலே வைத்தார். மாடிப்படி ஏறிப் போன இன்னொரு கடையில் 710 கிடைத்தது. பில்லும் வாரண்டியும் உள்ள புதிய சரக்கு. பழைய கார்டு வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். பழைய ஃபெர்மி கார்டில் பயாஸை மாற்றி எழுதி, ஜிடிஎக்ஸ் 1050 என்று விற்கும் வழக்கம் உண்டு. கணினியில் மாட்டினால் பெயரும் 1050 என்றே வரும். காட்டிக்கொடுப்பது பின்பக்கம்தான்: பாஸ்கல் சிப்பில் அனலாக் கிடையாது, அதனால் ‘1050’இல் விஜிஏ சாக்கெட் இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள். விண்டோஸ் இருந்தால் ஜிபியூ-இசட் என்ற சின்னச் செயலியை ஓட்டிப் பாருங்கள், போலி என்றால் பெயருக்கு முன்னாலேயே சொல்லிவிடும்.

பொருத்துவது சுலபம். கார்டு அரை உயரம். விஜிஏ சாக்கெட் மட்டும் கார்டோடு ஒட்டாமல் ஒரு தட்டையான ரிப்பன் கேபிளின் நுனியில் தொங்கியது. முழு உயரப் பட்டையில் அதற்கென்று ஒரு துளை இருந்தது. ரிப்பனை மடிப்பு விழாமல் ஹீட்சிங்குக்கு மேல்பக்கமாக வளைத்து, சாக்கெட்டின் இரண்டு அறுகோணத் திருகையும் கையாலேயே முடுக்கி, கடைசிச் சுற்று மட்டும் குறடால் போட்டேன். ரிப்பன் ஹீட்சிங்கின் இதழ்களில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சூட்டில் நாளடைவில் உறை விறைத்துப்போகும்.

ஃபேன் இல்லாத கார்டை மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். நிற்கும் கேபினெட்டில் கார்டு படுக்கையாக, சிப் கீழ்நோக்கி இருக்கும். ஹீட்சிங்க் பலகைக்கு அடியில் தொங்கும். சூடான காற்று மேலே போகப் பார்க்கும், பலகை அதை மறிக்கும். அந்தக் காற்றை யாராவது பக்கவாட்டில் தள்ளிவிட வேண்டும். கார்டுக்குக் கீழே உள்ள ஸ்லாட்டைக் காலியாக விட்டு, அதன் பின்பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டேன். கேபினெட்டின் முன்பக்கம், கீழே, 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றை மாட்டி, பயாஸில் 600 சுற்றுக்கு இறக்கினேன். அந்த வேகத்தில் காதைக் கேபினெட்டில் வைத்தால்தான் அது ஓடுவது தெரியும்.

இந்த ஒரு ஃபேன் செய்த மாற்றம் எனக்கே வியப்பு. அறை 35 டிகிரி இருந்த பிற்பகலில், முன் ஃபேனை நிறுத்திவிட்டு இரண்டு திரையிலும் வீடியோ ஓடவிட்டபோது கார்டு 80ஐ நெருங்கியது. ஃபேனைப் போட்டதும் 65க்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஃபேன் இல்லாத கார்டுக்கு எங்கோ தள்ளி ஒரு பெரிய, மெதுவான ஃபேன் வேண்டும் என்பதை வாங்கும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மூடிய கேபினெட்டில் காற்றே நகராமல் இதை ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், அதுவும் தமிழ்நாட்டுக் கோடையில்.

டிரைவர் விஷயம் சுருக்கமாக. ஜிடி 710 கெப்ளர் சிப். என்விடியாவின் சொந்த டிரைவர் 470 வரிசையோடு இதற்கு நின்றுவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்களும் 2024இல் முடிந்தன. ஜிடி 1030 இன்னும் கொஞ்ச தூரம் வந்தாலும், அதற்கும் 580தான் கடைசி வரிசை. லினக்ஸில் நூவோ என்ற திறந்த மூல டிரைவர் கெர்னலோடே வருகிறது, நிறுவ ஒன்றுமில்லை. அது கார்டைத் தொடக்க வேகத்திலேயே ஓட்டும். பக்கங்களை வேகமாக உருட்டும்போது இழுப்பதாகத் தோன்றினால், கெர்னலின் டீபக் (debug) கோப்பகத்தில் உள்ள பிஸ்டேட் (pstate) கோப்பில் எழுதிக் கையால் வேகத்தைக் கூட்டலாம். நான் நடு நிலை ஒன்றில் வைத்திருக்கிறேன். உச்சத்தில் வைத்தால் சூடுதான் கூடுகிறது, பிடிஎஃப் அதைவிட வேகமாகத் திறப்பதில்லை.

டிவிஐ மானிட்டர் மாட்டியதும் 1600×1200இல் கூர்மையாக வந்தது. விஜிஏ மானிட்டர் 1024×768இல் மங்கலாக வந்தது. குற்றம் கேபிளுடையது. மானிட்டர் தன் அளவைக் கணினிக்குச் சொல்வது விஜிஏவின் 12, 15ஆம் பின்கள் வழியாக. மலிவான கேபிள்களில் அந்தக் கம்பிகளே இருக்காது. இரண்டு முனையிலும் தடித்த உருளை உள்ள பழைய கேபிள் ஒன்று பரணில் இருந்தது. அதை மாட்டியதும் 1280×1024 தானாக வந்தது.

அப்புறமும் எழுத்தில் மெல்லிய நிழல் இருந்தது. மானிட்டரின் ‘ஆட்டோ’ பொத்தானை வெறும் டெஸ்க்டாப்பில் அழுத்துவதில் பயனில்லை, அதற்கு அளவெடுக்கக் கூர்மையான கோடு வேண்டும். ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று மாறி மாறி வரும் செங்குத்துக் கோடுகளை 1280×1024 படமாகச் செய்து, முழுத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு அழுத்தினேன். அகலமான சாம்பல் பட்டைகள் தெரிந்தால் மெனுவில் ‘க்ளாக்’ சரியில்லை. ஒவ்வொரு எண்ணாக மாற்றினால் பட்டைகள் அகன்று அகன்று மறையும். பட்டை போன பிறகும் திரை நடுங்கினால் ‘ஃபேஸ்’. அதையும் மெல்ல நகர்த்தினால் ஓர் இடத்தில் நடுக்கம் சட்டென்று நின்று, கோடுகள் ஊசிபோல நிற்கும். அந்த நிலையில் ‘ணை’யின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்து தெரிந்தன. மெய்ப்புப் பார்ப்பவனுக்கு வேறென்ன வேண்டும்?

இரண்டு திரைக்கும் உயரம் வேறு என்பதால் அடிப்பக்கத்தைச் சேர்த்து அமைத்தேன். 1200இல் 1024 போக மீதி 176 கோடு மேலே. அந்தப் பகுதியில் மட்டும் மவுஸ் அடுத்த திரைக்குத் தாண்டாது. 20.1 அங்குலத் திரை அங்குலத்துக்குச் சுமார் 100 பிக்சல், 19 அங்குலம் 86. அதனால் ஒரே எழுத்து இரண்டாவதில் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். கையெழுத்துப் பிரதியை அங்கே வைத்துக்கொண்டேன்.

கார்டின் ஒலி நின்றதும் அதற்குப் பின்னால் மறைந்திருந்தவை ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கின. ப்ராசஸர் ஃபேன் ஒவ்வொரு சின்ன வேலைக்கும் ஏறி இறங்கியது. பயாஸில் 60 டிகிரி வரை ஒரே மெதுவான வேகம் என்று வைத்தேன், அடங்கியது. ஹார்ட் டிஸ்கின் முனகல் கேபினெட் தகடு வழியாக வந்தது. திருகுக்கு நடுவே ரப்பர் வாஷர் போட்டதில் அதுவும் போயிற்று. கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் ஃபேன் மட்டும் இன்னும் கேட்கிறது, ஆனால் அது மைக்குக்குப் பின்பக்கம் விழுகிறது. மாணவிகள் யாரும் இதுவரை சொல்லவில்லை. அடுத்து அந்த எஸ்எம்பிஎஸ்ஸைத்தான் பார்க்க வேண்டும். இந்தக் கணினி மொத்தமாக இழுப்பதே அதன் திறனில் கால்வாசிகூட இல்லை என்பதால், குறைந்த சுமையில் ஃபேனை நிறுத்திவிடும் வகை ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.